மாடு தின்னாத செடி: மேல் அமெரிக்க மலைநாட்டு ஸேஜ்பிரஷ்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கத்தின் எழுத்து வடிவம்)



மாடு தின்னாத செடி மந்தைவெளிக்குக் கேடு என்பது குடியானவர்களுக்குள் நெடுநாளாக ஊன்றிய எண்ணம். அப்படிப்பட்ட செடி மேய்ச்சல் தரையில் தலைகாட்டினால் நம் கை தானாகவே மண்வெட்டியைத் தேடும். அவ்வெண்ணம் எப்போதும் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் அதனையே பிரமாணமாகக் கொண்டு ஒரு பெரிய தேசத்தார் லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரு செடியை வேரோடு களைந்தார்கள். அதன் பலனை இன்றும் அனுபவித்து வருகிறார்கள். பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றி யோசிக்கும் எந்தச் சங்கத்தாரும் அவ்வரலாற்றைக் கேட்கலாம் என்று தோன்றியதால், இன்று அதனையே பேச எடுத்துக்கொண்டேன்.

அச்செடிக்கு ஸேஜ்பிரஷ் என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்பாகத்தில், ஒரு பக்கம் ராக்கி மலைத்தொடரும் மறுபக்கம் ஸியரா நெவாடா, காஸ்கேடு என்னும் மலைத்தொடர்களும் காவல்நிற்க, நடுவில் ஒரு பரந்த மேட்டுநிலம் கிடக்கிறது. பெரும்பாகம் கடல்மட்டத்திற்கு 4,000 அடிக்கு மேற்பட்டது. நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஆரெகன் முதலிய மாகாணங்கள் அதில் அடங்கும். நமது மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துக் கிழக்கே உள்ள ஜில்லாக்களை வறளவைப்பது போலவே, அங்கே பஸிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்களை ஸியரா நெவாடா மலை வாங்கிக்கொண்டு விடுகிறது. எஞ்சிய ஜலமே மேட்டுநிலத்துக்கு. வருஷத்தில் மழையும் வெண்பனியும் சேர்ந்து 8 அங்குலம் முதல் 16 அங்குலம் வரையிற்றான். அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் வெண்பனியாக விழுவது. கோடையில் பயிருக்கு வேண்டிய சமயத்தில் வானம் வெறிச்சென்றிருக்கும். அந்நாட்டின் நடுப்பாகத்தில் ஓடும் ஆறுகளும் கடலைக் காண்பதில்லை. உப்பேரிகளிலோ மணலிலோ போய் மறைந்துவிடுகின்றன.

இத்தகைய தேசத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் வெள்ளை நிறமாகப் படர்ந்து நிற்பது இந்த ஸேஜ்பிரஷ். நமக்கு முற்றிலும் அந்நியமான செடி என்றும் சொல்வதற்கில்லை. நம் ஊர்ப் பூக்கடைகளில் மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்கும் மரிக்கொழுந்தை எல்லோரும் அறிவோம். மரிக்கொழுந்தும் ஸேஜ்பிரஷும் ஆர்ட்டிமீசியா என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, சாதிகளே வேறு. மரிக்கொழுந்து சிறு செடி. இதுவோ கட்டை வைத்த புதர், இடத்துக்குத் தக்கபடி 2 அடி முதல் 10 அடி வரை வளர்வது. இலையைக் கசக்கினால் கர்ப்பூரம் கலந்த ஒரு காரமான மணம் எழும். இம்மணம் ஸேஜ் என்னும் ஐரோப்பியச் சமையல் மூலிகையின் வாசனையை நினைவூட்டியதால் குடியேறியவர்கள் இப்பெயரை இட்டார்கள். உண்மையில் அம்மூலிகை துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1841இல் இதற்குச் சாஸ்திரப் பெயர் இட்ட தாமஸ் நட்டால் என்பவர், இலையின் நுனியில் மூன்று பற்கள் இருப்பதைக் கண்டு, முப்பல் உடையது என்று பொருள்படும் டிரைடெண்டேட்டா என்ற சொல்லைச் சேர்த்தார்.

செடியின் அமைப்பை நோக்கினால் வறட்சிக்கென்றே படைக்கப்பட்டதோ என்று தோன்றும். இலைமீது நுண்ணிய வெண்மயிர் போர்த்திருப்பதால் வெயில் தெறித்துப் போகிறது. ஈரமும் எளிதில் ஆவியாவதில்லை. வசந்தத்தில் ஜலம் இருக்கும்போது பெரிய இலைகளை விட்டு, கோடை முற்றியதும் அவற்றை உதிர்த்துவிடுகிறது. சிறிய இலைகளை மட்டும் குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொள்கிறது. சம்சாரி நல்ல வருஷத்தில் கை நீட்டிச் செலவழித்துப் பஞ்சத்தில் சுருக்கிக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

ஆனால் இதன் சாமர்த்தியமெல்லாம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. மேல்மண்ணில் பக்க வேர்கள் நாலாபுறமும் படர்ந்திருக்கும்; ஆணிவேர் 6 அடிக்கு மேலும் கீழே இறங்கும். யூட்டா மாகாணத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்னும் இருவர் 1987இல் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். பகலில் இலைகள் ஜலத்தை இழுத்துக்கொள்கின்றன. இரவில் இலையின் வேலை ஓய்ந்ததும், ஆழத்து ஈரம் ஆணிவேர் வழியே ஏறிப் பக்கவேர்கள் மூலம் காய்ந்த மேல்மண்ணிற் கசிகிறது. மறுநாட் பகலில் செடி அதனை மீண்டும் பருகுகிறது. பின்னர் நடந்த சோதனையில் ஆழத்து வேருக்கு மட்டும் கனநீரை ஊட்டிப் பார்த்தார்கள். அந்தக் கனநீர் பக்கத்திலிருந்த புல்லிலும் காணப்பட்டது. கூலி கேளாமல் இராமுழுதும் ஏற்றம் இறைத்து, அண்டை வயலுக்கும் ஒரு மடை விடும் பண்ணையாளை இச்செடிக்கு ஒப்பிடலாம்.

காற்றில் அடித்துக்கொண்டு போகும் வெண்பனியை இப்புதர்கள் தடுத்துத் தம் அடியில் குவித்துக்கொள்ளும். வசந்தத்தில் அது உருகி அங்கேயே மண்ணில் இறங்கும். உதிர்ந்த இலை புதரடியில் மக்கி எருவாகும். ஆகவே வருஷக்கணக்கில் வாழும் கொத்துப்புற்கள் புதரின் ஓரத்தில் பத்திரமாக இருக்கும். புதருக்கும் புதருக்கும் இடையிலுள்ள வெற்றிடம்கூட உண்மையில் வெற்றிடமன்று. பாசியும் மரப்பாசியும் கலந்து ஒரு மெல்லிய ஏடுபோல மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். குளம்பு பலமுறை மிதித்தால் அந்த ஏடு நொறுங்கிவிடும். திரும்பக் கட்டுவதற்கு நெடுங்காலம் ஆகும்.

அந்நாட்டுப் பூர்வ குடிகளாகிய பையூட், ஷோஷோனி முதலிய ஜாதியார் இதன் அருமையை அறிந்திருந்தார்கள். மருந்துக்கும் புகை போடுவதற்கும் இலை; உடைக்கும் பாயிற்கும் பட்டை. 1938இல் லூதர் கிரெஸ்மன் என்பவர் ஆரெகன் மாகாணத்தில் போர்ட் ராக் என்னும் குகையைத் தோண்டியபோது, ஸேஜ்பிரஷ் பட்டையை முறுக்கிப் பின்னிய செருப்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பிற்காலத்தில் கணக்கிட்டதில் அவை 9,000 வருஷங்களுக்கு மேற்பட்டவை என்று ஏற்பட்டது.

பின்பு வந்தவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். ஒரு விஷயத்தில் அவர்களும் செடியை மதித்தார்கள் என்று சொல்லவேண்டும்: ஸேஜ்பிரஷ் ஆளுயரம் வளர்ந்திருந்தால் அடியில் ஆழமான, உவரில்லாத மண் இருக்கிறதென்று கண்டு அவ்விடத்தை உழுதார்கள். உழவுக்கு உதவாத மற்ற நிலமெல்லாம் மந்தைக்கு விடப்பட்டது. 1860ஆம் வருஷத்திற்குப் பின் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக வந்து இறங்கின. நிலம் சர்க்காருடையது, கேட்பாரில்லை. முதலில் வந்தவன் மந்தை புல்லை மேய்ந்தது. பின்னால் வந்தவன் மந்தை அடித்தூரை மேய்ந்தது. நான் விட்டுவைத்தால் அடுத்தவன் மேய்த்துவிடுவான் என்ற எண்ணமே எல்லோருக்கும் சட்டமாயிற்று. நமது புறம்போக்குகளில் இதனைக் காணாதவர் இங்கே ஒருவரும் இரார்.

ஸேஜ்பிரஷ் இலையிலுள்ள தைலம் மாட்டின் இரைப்பையில் தீனியைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. ஆதலால் மாடு அதனை விட்டுப் புல்லையே தேடிக் கடித்தது. புல் அழிய அழியப் புதர் நெருங்கியது. இதைக் கண்டவர்கள், புதர்தான் புல்லைக் கொன்றது என்று தீர்மானித்தார்கள். கொன்றது மந்தை, பழி விழுந்தது செடிமேல்.

ஐக்கிய நாட்டு சர்க்கார் இதில் தலையிட வெகுகாலம் பிடித்தது. கொலராடோவின் பிரதிநிதியான எட்வர்டு டெய்லர் கொண்டுவந்த மேய்ச்சல் நிலச் சட்டம் 1934 ஜூன் 28இல் அமுலுக்கு வந்தது. முதலில் 8 கோடி ஏக்கருக்கு ஏற்பட்டது, 1936இல் 14 கோடியே 20 லட்சம் ஏக்கராக உயர்த்தப்பட்டது. நிலத்தை மேய்ச்சல் வட்டங்களாகப் பிரித்து, மந்தைக்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கி, 1936 முதல் மாடொன்றுக்கு மாதம் 5 ஸெண்டும் ஆடொன்றுக்கு 1 ஸெண்டும் புல்வரி வாங்கினார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் மந்தைக்காரர்களே தேர்ந்தெடுத்த ஆலோசனைச் சபை ஒன்று இருந்தது.

இந்த ஏற்பாட்டின் சுயாட்சி அம்சம் நம் இயக்கத்தாருக்கு மிகவும் பிடித்தமானது, எனக்கும் அப்படியே. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கடன் வாங்கியவர்களே பஞ்சாயத்தாராகவும் இருக்கும் சங்கத்தில் தவணை கடந்த பாக்கியைப் பற்றிக் கண்டிப்பான தீர்மானம் எவ்வளவு விரைவில் நிறைவேறும் என்பது உங்களுக்குத் தெரியும். தம் மந்தையின் தொகையைத் தாமே குறைத்துக்கொள்ள முன்வருபவர் எங்கும் சிலரே. கட்டுப்பாடற்ற மேய்ச்சல் நின்றது என்பது சட்டத்தின் பெரிய நன்மை. புல் தன் பழைய நிலைக்குத் திரும்பும் அளவுக்கு மந்தை குறைந்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

மந்தையைக் குறைப்பதைவிடச் செடியைக் குறைப்பது சுலபமாகத் தோன்றிற்று. இரண்டாவது மகாயுத்தம் முடிந்தபின் இதற்கு யந்திர பலமும் ரசாயன பலமும் கிடைத்தன. கனத்த தட்டுக் கலப்பைகளால் உழுதார்கள். இரண்டு டிராக்டர்களுக்கிடையே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்துப் புதர்களைப் பெயர்த்தார்கள். 2,4-டி என்னும் களைக்கொல்லியை ஆகாய விமானத்திலிருந்து தெளித்தார்கள். வெறுமையான நிலத்தில் ருஷிய தேசத்திலிருந்து வந்த கிரெஸ்டெட் வீட்கிராஸ் என்னும் புல்லை விதைத்தார்கள். அப்புல் மாட்டுக்கு நல்ல தீனி என்பதை மறுக்கக் கூடாது; பல இடங்களில் மண்ணரிப்பையும் அது தடுத்தது. ஆனால் விதைத்த இடமெல்லாம் அது நிலைக்கவில்லை. வேறொரு புல் ஏற்கெனவே கதவருகில் காத்துக்கொண்டிருந்தது.

அதற்குச் சீட்கிராஸ் என்று பெயர். ஏமாற்றுப் புல் என்று பொருள். ஐரோப்பா, ஆசியாக் கண்டங்களிலிருந்து விதைக் கோதுமையோடும் சாமான் பொதிந்த வைக்கோலோடும் வந்திறங்கி, ரயில் பாதை வழியே பரவி, 1890ஆம் வருஷத்தை ஒட்டி இந்த மேட்டுநிலத்தில் தலைகாட்டிற்று. இதன் தந்திரத்தைக் கவனியுங்கள். ஏனைய புல்லெல்லாம் தூங்கும் இலையுதிர் காலத்தில் இது முளைக்கிறது. குளிர்காலத்தில் ஓசையின்றி வேர் விடுகிறது. வசந்தத்தில் மற்றவை விழிப்பதற்குள் மேல்மண்ணின் ஈரத்தைக் குடித்துத் தீர்க்கிறது. சில வாரம் பசுமையாய் இருக்கும்போது மாடு இதனைத் தின்னும். ஆகையால் இதனை வரவேற்ற மந்தைக்காரர்களும் உண்டு. ஜூன் மாதத்துக்குள் கதிர் முற்றிக் காய்ந்துவிடும். அப்போது அதன் கூரிய வால்கள் மாட்டின் வாயிலும் கண்ணிலும் குத்தும்; தீனிக்கும் உதவாது. கோடை முழுவதும், புதருக்கும் புதருக்கும் இடையே விரித்த காய்ந்த வைக்கோலாக அது கிடக்கும்.

இனி மின்னல் ஒன்று விழுந்தால் போதும். முன்னாட்களில் நெருப்புப் பற்றினாலும் கொத்துப்புல்லுக்கும் கொத்துப்புல்லுக்கும் நடுவே வெறுந்தரை இருந்ததால் அது திட்டுத் திட்டாக எரிந்து அணைந்துபோகும். ஏமாற்றுப் புல் அந்த இடைவெளிகளை நிரப்பி நெருப்புக்குப் பாலம் போட்டுவிட்டது. ஐடஹோவின் ஸ்நேக் நதிச் சமவெளியில் 60 முதல் 110 வருஷங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த தீ, இப்புல் நிறைந்த இடங்களில் 5 வருஷத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருவதாக 1990இல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். ஸேஜ்பிரஷோ, வறட்சியையும் குளிரையும் தாங்குமேயன்றி நெருப்பைத் தாங்காது. எரிந்த அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது அதற்கு வழக்கமில்லை. விதையிலிருந்துதான் மீண்டும் வரவேண்டும். விதையோ பொடியைப்போல நுண்ணியது. ஒரு கிராமில் பல ஆயிரம் இருக்கும். மண்ணில் நெடுநாள் உயிரோடும் இராது. கன்று பெரிதாவதற்குள் அடுத்த நெருப்பு வந்துவிடுகிறது. ஏமாற்றுப் புல்லின் விதை சாம்பலிலேயே செழிக்கிறது.

2018 ஜூலையில் நெவாடாவின் வடபகுதியில் மார்ட்டின் தீ என்று பெயர் பெற்ற ஒரே நெருப்பில் ஏறக்குறைய 4,35,000 ஏக்கர் எரிந்தது. வருஷங்களாகப் பழகிய மேய்ச்சல் வெளிகளைச் சில நாட்களில் மந்தைக்காரர்கள் இழந்தனர், கால்நடைகளும் மடிந்தன. 2022இல் வெளியான ஒரு சர்க்கார் ஆராய்ச்சி அறிக்கையின்படி, அதற்கு முந்திய இருபது வருஷங்களில் ஆண்டொன்றுக்குச் சராசரி 13 லட்சம் ஏக்கர் நல்ல ஸேஜ்பிரஷ் நிலம் நிலை கெட்டது. செடியை எடுத்தால் புல் வரும் என்று எண்ணியவர்கள், செடியும் போய், நிலைத்த புல்லும் போய், ஆறு வாரப் புல்லும் ஒரு கோடை நெருப்புமாக நிற்கிறார்கள்.

தேசத்தார் விழித்துக்கொள்ள ஒரு பறவையும் காரணமாயிற்று. ஸேஜ் க்ரௌஸ் என்னும் அக்காட்டுக்கோழிக்குக் குளிர்காலத்தில் ஸேஜ்பிரஷ் இலையைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது என்றே சொல்லலாம். கடின விதைகளை அரைக்கும் வலிய இரைப்பை அதற்கு அமையவில்லை. செடி குறையக் கோழியும் குறைந்தது. அதனை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தால் மேய்ச்சலுக்குப் பல தடைகள் வருமென்று மந்தைக்காரரும் மாகாண சர்க்கார்களும் அஞ்சி, நிலத்தைக் காக்கும் திட்டங்களுக்கு இசைந்தனர். 2015 ஸெப்டம்பரில், பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்மானமாயிற்று. அதன் பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. அது தனிக் கதை.

நம் இயக்கத்தார் கவனிக்கத் தகுந்தது வேறொன்று. இந்த மேட்டுநிலத்தில் நெருப்பு எழுந்தால் சர்க்கார் அணைப்புப் படை வந்து சேருமுன் மணிக்கணக்கில் ஆகும். ஆகவே ஆரெகனில் மந்தைக்காரர்கள் கூடிச் சங்கம் அமைத்து, தண்ணீர் வண்டியும் கருவிகளும் சேர்த்து, பயிற்சி பெற்று, தாங்களே முதலில் சென்று அணைக்கலானார்கள். ஐடஹோவில் இத்தகைய முதற் சங்கம் 2012இல் மவுண்டன் ஹோம் என்னும் ஊரை ஒட்டி ஏற்பட்டது. வேறு பலவும் தொடர்ந்தன. ஒருவன் மேய்ச்சல் நிலம் எரிந்தால் பக்கத்தவன் கைகட்டி நிற்பதில்லை. பின்பு தன் நிலத்துக்கும் அது வரும் என்று அவனுக்குத் தெரியும். மேய்ச்சலை ஒழுங்கு செய்வதிலும் புது வழக்கம் வந்திருக்கிறது. கொத்துப்புல் தண்டு விட்டுக் கதிர் பிடிக்கும் காலத்தில் ஒரே தரையில் ஆண்டுதோறும் மந்தையை விடாமல், முறைவைத்து ஓய்வு கொடுக்கிறார்கள். புல் உரமாக நின்றால் ஏமாற்றுப் புல்லுக்கு இடம் அகப்படாது என்பது நன்கு தெரிந்த விஷயம்.

எரிந்த நிலத்தில் செடியைத் திரும்பக் கொண்டுவருவது மட்டும் மிகவும் கஷ்டமாக இருக்கிறது. விமானத்திலிருந்து விதை தூவிய பல இடங்களில் ஒன்றும் முளைக்கவில்லை. விதை ஆழமாகப் புதைந்தால் முளைக்காது; வெண்பனியின்மேல் தூவி, அது உருகும்போது மண்ணோடு ஒட்டவிடுதல் ஒரு முறை. விதையின் ஜாதியும் முக்கியம். ஆழமண்ணுக்கு ஒன்று, வறண்ட மேலோட்ட மண்ணுக்கு ஒன்று, உயர்மலைக்கு ஒன்று என்று இச்செடியில் மூன்று வகை பெரிதும் காணப்படுகின்றன. பள்ளத்து விதையை வறண்ட மேட்டில் போட்டால் பிழைப்பது அரிது. வறள்மண் வகை என்று சீட்டுக் கட்டி விற்ற விதை மூட்டைகள் பலவற்றில் ஆழமண் வகையே மிகுந்திருந்ததென 2015இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டிற்று. விதை மூட்டையின் சீட்டை நம்பி வாங்கிய அனுபவமுள்ள சங்கங்கள் நம்மிலும் உண்டு.

ஆகையால் சில இடங்களில் அவ்வப் பிரதேசத்து விதையையே சேகரித்து, நாற்றங்காலில் கன்றாக வளர்த்து நடுகிறார்கள். பல மாகாணங்களின் சிறைச்சாலைகளில் கைதிகளே இக்கன்றுகளைச் சிறு குழாய்த் தொட்டிகளில் வளர்த்துக் கொடுக்கிறார்கள். எரிந்த லட்சக்கணக்கான ஏக்கர் முழுவதும் நட எந்தப் பொக்கிஷமும் போதாது. தாய்ச்செடியின் விதை பெரும்பாலும் சில கஜ தூரத்துக்குள்ளேயே விழுவதால், கன்றுகளை வெளி முழுவதும் பரப்பாமல் ஆங்காங்கே திட்டாக நட்டு, அத்திட்டுகளிலிருந்து செடி மெல்ல மெல்லத் தானே பரவும்படி விட்டிருக்கிறார்கள்.